சீட்டுக்கட்டும் அதன் உறையும்: ஒரு சேகரிப்பின் வரலாறு

அழகிய சீட்டுக்கட்டுகளையும் அவை விற்கப்பட்ட உறை, பெட்டி, வரிமுத்திரைத் தாள் ஆகியவற்றையும் தேடிச் சேர்ப்பது, தபால்தலை சேகரிப்பைப் போலவே பல நாடுகளில் வளர்ந்த ஒரு துறை. இதற்கென ஒரு பன்னாட்டுச் சங்கம் 1972 முதல் இயங்கிவருகிறது. நம் பக்கத்தில் அது வேரூன்றவில்லை. சீட்டு என்றாலே சூது என்று ஒதுக்கிய வீடுகளில் பழைய கட்டுகள் எப்படித் தங்கும்? ரம்மி திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967இல் ஒரு வழக்கில் சொன்ன பிறகும், பரணில் சீட்டுக்கட்டு அகப்பட்டால் தாத்தாவின் பெயருக்கு இழுக்கு என்று எரித்துவிடுகிறவர்கள் உண்டு.

காரைக்காலில் ஆசிரியராக இருந்த காலத்தில் நானும் இந்தக் குற்றத்தைச் செய்திருக்கிறேன். வகுப்பில் ஒரு மாணவனிடமிருந்து ஒரு கட்டைப் பறிமுதல் செய்தேன். பிரான்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறும் சொல்தா குடும்பத்துப் பையன். ஆண்டு முடிவில் சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் அவை இருந்த அட்டைப்பெட்டியை முதல் நாளே குப்பைக்கூடையில் போட்டுவிட்டேன். அந்தச் சீட்டுகளில் கே, க்யூ, ஜே என்ற எழுத்துகள் இல்லை. ஆர், டி, வி என்று இருந்தன. அச்சுப் பிழை என்று அன்று நினைத்தேன். அவை பிரெஞ்சு மொழியில் ராஜா, சீமாட்டி, பணியாள் என்று பொருள்படும் ருவா, தாம், வலே என்ற சொற்களின் முதலெழுத்துகள் என்பது பின்னர்தான் தெரிந்தது.

பிரெஞ்சுக் கட்டில் ஒவ்வொரு படச்சீட்டுக்கும் ஒரு பெயர் உண்டு. ராஜாக்கள் நால்வரும் தாவீது, அலெக்சாண்டர், சீசர், சார்ல்மாஞ். ராணிகளில் யூதித்தும் ராகேலும் விவிலியத்திலிருந்து வந்தவர்கள். 1945 வரை பிரான்சில் சீட்டுக்கு வரி இருந்தது. சீட்டு அச்சிடும் நீரோட்டக் குறியிட்ட தாளை அரசே வழங்கியது. பழைய கட்டுகளில் கிளாவர் ஏஸ் மீது வரிமுத்திரை இருப்பதைக் காணலாம்.

இங்கு ஒரு வியப்பைச் சொல்லாமல் போக முடியாது. 1739இல் தஞ்சை மன்னரிடமிருந்து வாங்கியது முதல் 1954 நவம்பர் 1 வரை, இடையில் ஆங்கிலேயர் பிடித்துவைத்திருந்த ஆண்டுகள் நீங்கலாக, காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. ஆனாலும் நம் திண்ணைச் சீட்டாட்டத்தில் பிரெஞ்சுச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆட்டின், டைமண்ட், கிளாவர், இஸ்பேட் என்கிறோம். ஆங்கிலேயர் கிளாவரைக் 'கிளப்' என்பர். பிரெஞ்சுக்காரர் 'த்ரெஃபிள்' என்பர். டச்சுக்காரர்தான் 'கிளாவரன்' என்பர். ஆட்டினுக்கு அவர்கள் சொல் 'ஹார்ட்டன்'. துருப்புச் சீட்டுக்கு 'ட்ரூஃப்'. காரைக்காலுக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் உள்ள நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர் கோட்டையாக இருந்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். டச்சு ஆட்சி நடந்த இலங்கையிலும் சிங்களவர் கிளாவரைக் 'கலாபர' என்றும் ஸ்பேடை 'இஸ்கோப்ப' என்றும் சொல்கிறார்கள்; டச்சுச் சொற்கள் கிளாவரன், ஸ்கோப்பன். நம் சொற்களும் அந்தக் கப்பல்களில் இறங்கியவை என்பதே என் துணிபு.

வட்டச் சீட்டு

ஐரோப்பியச் சீட்டு பரவுவதற்கு முன்பே இந்தியாவுக்குத் தனிச் சீட்டு இருந்தது. அதன் பெயர் கஞ்சிஃபா. பெரும்பாலும் வட்ட வடிவம். 1527இல் பாபர் சிந்துவில் இருந்த ஷா ஹசனுக்குக் கஞ்சிஃபா அனுப்பியதைத் தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அக்பர் அரண்மனையில் ஆடப்பட்ட சீட்டை அபுல் ஃபசல் அயினி அக்பரியில் விவரித்துள்ளார். பரவலான முகலாயக் கட்டில் 8 இனங்கள், இனத்துக்கு 12 வீதம் 96 சீட்டுகள். கிரீடம், வாள், வெள்ளிக்காசு, பொற்காசு, யாழ் போன்றவை இனக் குறிகள். இதை இந்துக் கலைஞர்கள் தசாவதாரமாக மாற்றியபோது இனங்கள் பத்தாகி, சீட்டுகள் 120 ஆயின. மீன் குறியிட்ட இனம் மச்சாவதாரம், ஆமை குறியிட்டது கூர்மம். பகலில் ஆடினால் ராமர் இனம் முதலில் இறங்கும், இரவில் ஆடினால் கிருஷ்ணர் இனம். எத்தனை நேர்த்தியான விதி!

நமக்கு அண்டை நாடான மைசூரில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) இந்த ஆட்டத்தில் பெரும் பித்துக் கொண்டவர். தாமே புதிய ஆட்டங்களை வகுத்து, ஸ்ரீதத்துவநிதி என்ற தம் பெருநூலின் கௌதுகநிதிப் பகுதியில் அவற்றைப் பதிவுசெய்தார். மிகப் பெரிய கட்டில் 360 சீட்டுகள். அத்தனையையும் கையில் பிடித்து ஆட முடிந்ததா என்பது வேறு கேள்வி.

அரசவைக்கான சீட்டுகள் தந்தத்திலும் ஆமையோட்டிலும் செய்யப்பட்டன. கடைத்தெருச் சீட்டுகளுக்குத் துணியைப் புளியங்கொட்டைப் பசையால் விறைப்பாக்கி, சுண்ணம் பூசி, வண்ணம் தீட்டி, அரக்கு மெருகிட்டார்கள். இரண்டுமே நகர்த்து மூடி கொண்ட மரப்பெட்டியில் வந்தன. பெட்டியின் நான்கு பக்கமும் மூடியும் சீட்டைப் போலவே ஓவியம் தாங்கியவை. பெட்டி தொலைந்த கட்டில் சீட்டும் தொலையும். வட்டச் சீட்டை வேறு எதில் அடுக்கினாலும் சிதறிவிடும்.

அச்சிட்ட மலிவுச் சீட்டு வந்ததும் ஓவியர்களின் பிழைப்பு போயிற்று. மகாராட்டிரத்தின் சாவந்த்வாடியில் இக்கலை அணையும் நிலையில் இருந்தபோது, 1970களின் தொடக்கத்தில் அரச குடும்பத்தைச் சேர்ந்த சிவராம் ராஜே போன்ஸ்லேவும் சத்வசீலா தேவியும் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார்கள். வங்கத்தின் விஷ்ணுபூரிலும் ஒடிசாவின் ரகுராஜ்பூரிலும் இன்றும் செய்கிறார்கள்; வாங்குவோர் சுவரில் மாட்டுகிறார்கள், ஆடுவதில்லை. ஜெர்மனியில் பிறந்து பம்பாயில் வாழ்ந்த கலை விமர்சகர் ருடால்ஃப் வான் லைடன் இவற்றைத் தேடிச் சேகரித்து, ஆராய்ந்து நூல் எழுதினார். 1982இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கஞ்சிஃபா கண்காட்சி நடந்ததும் அவர் உழைப்பால்தான். நம் வீட்டுப் பொருளின் அருமையை வெளியார் வந்து சொல்லவேண்டியிருந்தது.

உறை சொல்லும் செய்தி

இங்கிலாந்தில் 1711 முதல் ஒவ்வொரு கட்டுக்கும் 6 பென்ஸ் வரி. 1765 முதல் ஸ்பேட் ஏஸை மட்டும் அரசு முத்திரை அலுவலகமே அச்சிட்டது. இன்றும் பல கட்டுகளில் ஸ்பேட் ஏஸ் தனி அலங்காரத்துடன் இருப்பதற்கு இதுவே காரணம். அந்த ஏஸைக் கள்ளமாக அச்சிட்டால் மரண தண்டனை. ரிச்சர்டு ஹார்டிங் என்பவர் 1805இல் இதற்காகவே தூக்கிலிடப்பட்டார். 1862இல் வரி 3 பென்ஸாகக் குறைந்து, முத்திரை ஏஸிலிருந்து உறைக்கு மாறியது. உறையைக் கிழிக்காமல் சீட்டை எடுக்க முடியாது என்பதால் முழு உறைகள் அரிதாகிவிட்டன. சேகரிப்பாளர்கள் சில வேளை சீட்டைவிட உறைக்கு அதிகம் மதிப்பு வைப்பது இதனால்தான். அந்த வரி 1960இல்தான் நீங்கியது.

உறையில் தரப்பெயரும் இருக்கும். ஆங்கிலேயர் உயர்தரச் சீட்டின் உறையில் 'மொகல்' என்று அச்சிட்டு, தலைப்பாகை அணிந்த முகலாய மன்னர் உருவத்தைப் போட்டார்கள். அந்தப் பெயர் இந்தியச் சந்தையிலும் நன்றாக விலைபோயிற்று. பெல்ஜியத்தின் டர்ன்ஹவுட் நகரத்து அச்சகங்கள்கூட 'கிரேட் மொகல்' என்ற பெயரிட்ட கட்டுகளை இந்தியாவுக்கு ஏற்றுமதி செய்தன. முகலாயர் ஆடியது வட்டச் சீட்டு. அவர் முகத்தை ஒட்டி விற்றது சதுரச் சீட்டு.

பின்னாளில் தாள் உறைக்குப் பதில் மடக்கு மூடி கொண்ட அட்டைப்பெட்டி வந்தது. விமான நிறுவனங்கள் விளம்பரத்துக்காகக் கட்டுகளைப் பயணிகளுக்குக் கொடுத்தன. ஏர் இந்தியாவின் மகாராஜா படம் போட்ட கட்டு நம் நாட்டில் இன்றும் சிக்கக்கூடிய ஒன்று. மாணவர்கள் தொடங்குவதற்கு அதுவே ஏற்றது, விலையும் கைக்கு அடங்கும்.

காரைக்கால் போன்ற கடலோர ஊரில் காகிதத்துக்கு எதிரிகள் மூன்று: உப்புக்காற்று, ராமபாணப் பூச்சி, ரப்பர் பேண்டு. மூன்றாவதே மோசம். சில கோடைகளில் அது உருகிச் சீட்டின் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் வண்ணத்தோடு வரும். பருத்தித் துணியில் சுற்றி, காய்ந்த வேப்பிலையை அருகில் வைத்து, தரையோடு ஒட்டாத அலமாரியில் வைத்தால் போதும். பெட்டி கிழிந்திருந்தால் செலோடேப் ஒட்டாதீர்கள், சில ஆண்டுகளில் அது மஞ்சளித்து எழுத்தைத் தின்றுவிடும். உறையின் உள்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். கடைக்காரர் பென்சிலில் எழுதிய விலை சில சமயம் அங்கே இருக்கும்.