புரதமும் புண்ணாக்கும்: கால்நடை ஊட்ட அறிவின் வரலாறு

வரலாறு என்பது அரசர்தம் பட்டியலும் போர்களின் அட்டவணையும் மாத்திரம் அன்று. மனிதன் தான் உண்டதையும் தன் பட்டியில் நின்ற விலங்குக்கு இட்டதையும் பற்றி எதனை அறிந்தான், எவ்வாறு அறிந்தான், அறிந்ததை எங்கே மறந்தான் என்பவற்றைக் கூறுவதும் வரலாறேயாம். கற்பிட்டிக் குடாநாட்டில் ஒருபால் கடலும் மறுபால் புத்தளக் களப்பும் சூழ, இடையே மணலும் தென்னையுமாக அமைந்த ஊர்களுள் குறிஞ்சிப்பிட்டியும் ஒன்று. இத்தகைய ஊரில் மாடும் ஆடும் மேய்ச்சற் புல்லையும் வேலி இலையையும் தின்றே தசை பெருக்குகின்றன. அதே புல்லை மட்டும் தின்னுமாறு விடப்பட்ட கோழி நாளடைவில் மெலிந்து போகின்றது. இந்த வேறுபாட்டை நம் முன்னோர் கண்ணாற் கண்டிருந்தனர். அதன் காரணத்தைத் துணிவதற்கோ அறிஞருலகுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேற் சென்றன. அவ்வரலாற்றைச் சுருங்க நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

1816ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டு அறிஞர் மகெந்தி என்பார், நாய்களுக்குச் சர்க்கரையை மட்டுமோ ஒலிவ எண்ணெயை மட்டுமோ உணவாக அளித்து, அவை சில கிழமைகளில் மெலிந்து இறத்தலைக் கண்டார். நைதரசன் இல்லாத உணவால் உயிர் நிலைபெறாது என்பது இதனாற் புலனாயிற்று. பின்னர் 1838இல் முல்டர் என்னும் ஒல்லாந்த வேதியியலறிஞர், நைதரசன் பொருந்திய இவ்வுணவுக் கூற்றுக்கு, முதன்மை வாய்ந்தது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்றும் ‘புரோட்டீன்’ என்னும் பெயரை வழங்கினார். நாம் புரதம் என்பது இதனையே.

ஆயின் நைதரசன் இருந்தாற் போதும் என்று கொண்டமையால் ஓர் இடர் நேர்ந்தது. பாரிசு நகரத்து ஏழைகளுக்கு எலும்பைக் காய்ச்சி எடுத்த செலற்றின் என்னும் பசையைச் சூப்பாக அளித்து வந்தனர். அதில் நைதரசன் நிறைய உண்டு, விலையோ மலிவு. எனினும் அதனை உண்டவர்கள் நிறைவடையவில்லை. இதனை ஆராய அமைந்த குழுவுக்கு மகெந்தியே தலைமை தாங்கினார். செலற்றின் தனித்து நின்று உயிரைக் காக்காது என 1841இல் அக்குழு தீர்ப்புரைத்தது. அளவு வேறு, தரம் வேறு என்னும் உண்மையின் முதற்குரல் இஃதெனலாம்.

இதே காலத்தில் ஆய்வாளரின் பார்வை பண்ணை விலங்குகள் மீதும் சென்றது. 1839இல் பூசிங்கோ என்பார் ஒரு பசுவுக்கு இட்ட தீவனத்திலுள்ள நைதரசனையும், பாலிலும் சாணத்திலும் சிறுநீரிலும் வெளிவந்த நைதரசனையும் நிறுத்து ஒப்பிட்டார். வரவு செலவுக் கணக்குப் போன்ற இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது. 1842இல் ஜேர்மானியப் பேரறிஞர் லீபிக், தசை உழைக்கும்போது தன் புரதத்தையே எரித்து ஆற்றல் பெறுகின்றது எனக் கூறினார். அவர்தம் பெயரின் பெருமையாற் பலர் அதனை ஐயமின்றி ஏற்றனர். இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் பண்ணையில் ஆய்வு நடத்திய லோஸ், கில்பேட் என்னும் இருவரோ 1854இல் இரு பன்றிகளைக் கொண்டு அதனைச் சோதித்தனர். ஒன்றுக்கு மைசூர்ப் பருப்பு மாவும் மற்றொன்றுக்கு வாற்கோதுமை மாவும் அளித்தனர். இரண்டும் உழைப்பின்றி ஒரே வகையிற் கிடந்தன. ஆயினும் பருப்புத் தின்ற பன்றியின் சிறுநீரில் யூரியா இரு மடங்குக்கு மேல் இருந்தது. யூரியாவின் அளவு உழைப்பைப் பொறுத்ததன்று, உண்ட புரதத்தைப் பொறுத்தது என்பது விளங்கிற்று. 1865இல் ஃபிக், விசிலிசெனஸ் என்னும் இருவர் புரதமில்லா உணவை உண்டு சுவிற்சர்லாந்தின் ஃபோல்கோர்ண் மலையில் ஏறினர். தம் உடலில் அழிந்த புரதத்தால் அவ்வேற்றத்துக்கு வேண்டிய ஆற்றல் கிடைத்திருக்க முடியாது எனக் கணக்கிட்டுக் காட்டினர். தசைக்குப் புரதம் கட்டடக் கல்லேயன்றி முதன்மையான விறகு அன்று என்பது இவ்வாறு நிலைபெற்றது.

1860ஆம் ஆண்டுகளை ஒட்டி ஜேர்மனியின் வேண்டே ஆய்வு நிலையத்தார் தீவனங்களைப் பகுத்தறியும் ஒரு முறையை வகுத்தனர். புரதத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 16 பங்கு நைதரசன் ஆதலின், நைதரசனின் அளவை 6.25 ஆற் பெருக்கின் புரதத்தின் அளவு வரும் என்பது அதன் ஒரு கூறு. இன்றும் தீவனப் பைகளிற் பொறிக்கப்படும் பருமட்டான புரத வீதம் இக்கணக்கின் வழி வந்ததேயாம். எளிதும் பயனுடையதுமான இவ்வெண், புரதம் எவற்றாலாயது என்பதை மட்டும் உரைப்பதில்லை.

அதனை உரைத்தவர் அடுத்த நூற்றாண்டினர். புரதம் என்பது 20 வகை அமினோவமிலங்கள் பற்பல வரிசையிற் கோக்கப்பட்ட சங்கிலி. இவற்றுள் ஏறத்தாழ பாதியை விலங்குடல் தானே ஆக்கிக்கொள்ளும்; எஞ்சியவற்றை உணவினின்றே பெறல் வேண்டும். 1901இல் ஹொப்கின்ஸ், கோல் என்போர் திரிப்தோபன் என்னும் அமினோவமிலத்தைப் பிரித்தெடுத்தனர். செலற்றினில் இல்லாதது அதுவே. பாரிசு ஏழைகளின் சூப்பு ஏன் தோற்றது என்பதன் காரணங்களுள் ஒன்று அறுபது ஆண்டுகளின் பின் வெளிப்பட்டது. 1914இல் அமெரிக்கரான ஒஸ்போனும் மென்டலும் சோளப் புரதமாகிய சீனை மட்டும் எலிகளுக்கு அளித்தனர், எலிகள் மெலிந்தன. திரிப்தோபனைச் சேர்த்தபோது எடை குறையாது நின்றன. லைசீனையும் சேர்த்தபோது வளர்ந்தன. 1935இல் வில்லியம் ரோஸ் திரியோனீனைக் கண்டறிந்ததுடன் இன்றியமையாத அமினோவமிலங்களின் பட்டியல் நிறைவெய்தியது.

இதனை மாணாக்கர் ஓர் உவமையால் விளங்கிக்கொள்ளலாம். அச்சகத்தில் எழுத்துக் கோப்பவனிடம் ககர அச்சுத் தீர்ந்துவிடின், ஏனைய அச்சுகள் மலைபோற் குவிந்து கிடப்பினும் பக்கம் முற்றுப்பெறாது. அவ்வாறே லைசீன் ஒன்று குறையின், மற்றை அமினோவமிலங்கள் தசையாக மாட்டா. அவை சிதைந்து, அவற்றின் நைதரசன் பாலூட்டிகளில் யூரியாவாகவும் பறவைகளில் யூரிக்கமிலமாகவும் கழிந்து போகும். கோழியெச்சத்தின் வெண்பகுதி அதுவே.

தசையின் இயல்பைப் பற்றிய மற்றொரு பேருண்மை 1930களில் வெளிப்பட்டது. ஜேர்மனியை விட்டு நீங்கி அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தை அடைந்த ஷென்ஹைமர், பாரமான நைதரசனால் அடையாளமிட்ட அமினோவமிலத்தை, எடை மாறாத வளர்ந்த எலிகளுக்கு ஊட்டினார். அந்நைதரசனிற் பாதிக்கு மேற்பட்ட பங்கு உடற்புரதங்களில் ஏறியிருந்தது. எடை மாறாதிருக்கவும் உட்பொருள் மாறிக்கொண்டே இருந்தது. தசை கட்டி முடித்த மதில் அன்று. ஒருபுறம் இடிபட்டு மறுபுறம் எழுப்பப்படும் கட்டடம். எழுப்புதல் இடித்தலை விஞ்சுமாயின் கன்று வளர்கின்றது. இடித்தல் விஞ்சுமாயின் மெலிகின்றது. இதனாலேயே புரதத்தை ஒருநாள் மிகுதியாக இட்டு மறுநாள் குறைப்பதினும், அளவாக நாடோறும் இடுதல் சிறந்தது.

இனி, புல் தின்னும் மாட்டின் புதிரை விடுவிப்பாம். 1891இல் சுண்ட்ஸ் என்பார், மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணங்கிகளே எளிய நைதரசன் சேர்வைகளினின்று புரதத்தை ஆக்குகின்றன என்னும் கருத்தை வெளியிட்டார். அவ்விரைப்பை நீரின் ஒரு மில்லிலீற்றரில் ஆயிரங்கோடி அளவிற் பற்றீரியா வாழும். 1949இல் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகத்தார், யூரியாவையே நைதரசனுக்குரிய ஒரே வாயிலாகப் பெற்ற செம்மறியாடுகளின் இரைப்பையில் இன்றியமையாத பத்து அமினோவமிலங்களும் ஆக்கப்படுவதைக் காட்டினர். 1960களிற் பின்லாந்தின் விர்த்தனன், புரதமில்லாத் தீவனமும் யூரியாவும் பெற்ற பசுக்கள் பால் கறத்தலை மெய்ப்பித்தார். மாடு புல்லை உண்கின்றது; புல்லை நுண்ணங்கிகள் உண்கின்றன; அவை பின்னர் குடலிற் செரிக்கப்பட்டு மாட்டின் தசையாகின்றன. கோழிக்கும் பன்றிக்கும் இவ்வசதி இல்லை. கற்பிட்டித் தெருக்களிற் திரியும் கழுதைக்கோ நுண்ணங்கிகள் பெருங்குடலில் உள்ளன. சிறுகுடலைக் கடந்தபின் விளையும் அப்புரதத்திற் பெரும்பகுதி சாணத்தோடு வெளியேறும்.

இவ்வுண்மையைப் பேணாதவிடத்து விளைந்த கேட்டையும் வரலாறு பதிந்துள்ளது. புரத வீதத்தை மலிவில் உயர்த்த எண்ணி, இங்கிலாந்திற் செத்த விலங்குகளின் இறைச்சி எலும்புத் தூளை மாடுகளுக்கு இட்டனர். 1986இல் மூளையைத் துளைக்கும் மாட்டுநோய் ஆங்கு இனங்காணப்பட்டது. 1988இல் அத்தீவனம் அசைபோடும் விலங்குகளுக்குத் தடைசெய்யப்பட்டது. அந்நாட்டில் 180,000க்கு மேற்பட்ட மாடுகளில் அந்நோய் உறுதிப்படுத்தப்பட்டது, மனிதரும் மாண்டனர். புல்லினின்றே புரதம் சமைக்கும் விலங்குக்கு ஊனை ஊட்டியதன் விளைவு இது.

இவ்வறிவை நம் கரையோடு பொருத்திக் காண்பாம். ஆங்கிலேயர் ‘பூணாக்’ என வழங்கிய சொல் நம் புண்ணாக்கே. இலங்கைத் தேங்காய்ப் புண்ணாக்கு முன்னாளிற் பெல்ஜியம், ஜேர்மனி முதலிய நாடுகளின் பசுக்களுக்குக் கப்பலேறிச் சென்றது. அதில் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பங்கு புரதம் உண்டு. ஆனால் லைசீனும் மெதியோனீனும் குறைவு. எண்ணெய் பிழியும்போது சூடு மிகின் லைசீன் மேலும் கெடும். ஆதலின் அது பசுவுக்கு நல்லுணவு. கோழிக்கோ தனித்து உதவாது. எள்ளுப் புண்ணாக்கில் மெதியோனீன் மிகுதி, லைசீன் குறைவு. சோயாவில் லைசீன் மிகுதி, மெதியோனீன் குறைவு. இவ்விரண்டும் ஒன்றன் குறையை ஒன்று நிரப்பும். மீன் தூளில் இரண்டும் நிறைவாக உள்ளன. கருவாட்டு வாடிகள் நிறைந்த கரையில் மீன் கழிவு அரும்பொருள். ஆனால் உப்பிட்ட கருவாட்டின் கழிவைக் கோழிக்கு மிகுதியாக இடின் உப்பு நஞ்சாகும் என்பதை மறத்தலாகாது.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் வேலியிலுள்ள சீமைக்கிளுவையும் அகத்தியும் நைதரசன் தரும். வைக்கோலை யூரியாக் கரைசலில் ஊறவைத்துக் காற்றுப் புகாது மூடிப் பதப்படுத்தும் முறையைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தார் 1980களில் ஆராய்ந்தனர். 100 கிலோகிராம் வைக்கோலுக்கு 4 கிலோகிராம் யூரியா என்பது அதன் அளவு. யூரியாவை அளவின்றி நேரே ஊட்டின் விலங்கு இறந்துபடும். பால்குடி மறவாத கன்றுக்கு முதல் இரைப்பை வளர்ந்திராமையால், அதற்குத் தாய்ப்பாலே அமினோவமிலங்களின் ஊற்று. அப்பாலை முற்றக் கறப்பது கன்றின் தசையைக் கறப்பதேயாம்.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதை 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி நமக்குக் காட்டியது. சோளமும் சோயாவும் வேண்டிய அளவு கிடையாமற் கோழித் தீவனம் அருகியது; முட்டை விலை ஏறியது; 2023இல் இந்தியாவினின்று முட்டை இறக்குமதியாயிற்று. அந்நாட்களில் முட்டையின்றி உண்டவர் நம் வகுப்பறைப் பிள்ளைகளேயாவர். தீவனப் பையின் மேலுள்ள புரத வீதத்தை மட்டும் நோக்கி வாங்கும் இல்லத்தாள், கோழி பயன்படுத்த மாட்டாத நைதரசனுக்கும் சேர்த்தே விலை கொடுக்கின்றாள். 1950களின் பிற்பகுதியில் யப்பானியர் பற்றீரியாவைக் கொண்டு லைசீனை ஆக்கும் முறையைக் கண்டபின், குறைந்த அமினோவமிலத்தை மட்டும் சிறிதளவு சேர்த்து மொத்தப் புரதத்தைக் குறைக்கும் வழியும் திறந்தது. வேண்டுவது பெருஞ்செல்வமன்று, எது குறைகின்றது என்னும் தெளிவே.

ஆகவே, எவ்வளவு என்னும் வினாவோடு நின்றுவிடாது, எது, எவ்விலங்குக்கு என்னும் வினாக்களையும் கேட்டல் வேண்டும். பாரிசு சூப்பும் இங்கிலாந்தின் மாட்டுநோயும் அவ்வினாக்களைக் கேளாமையின் விளைவுகள். நம் மாணாக்கர் தென்னந்தோப்பையும் மீன் வாடியையும் வேலியிலையையும் இவ்வினாக்களோடு நோக்கக் கற்பராயின், குறிஞ்சிப்பிட்டி போன்ற ஊர்களின் மணல் முற்றங்களிலேயே பாலும் முட்டையும் பெருகுதல் கூடும்.