ஆலோசகரும் நீதியும்: இந்திய மாணவர்கள் மனநலத்தைக் கோரிய வரலாறு

இந்தியாவில் மனநலத்தின் வரலாறு பெரும்பாலும் சட்டங்களின் வரலாறாகவோ மருத்துவமனைகளின் வரலாறாகவோ எழுதப்பட்டு வந்துள்ளது. ஆட்சியாளர், மருத்துவர், நீதிபதி ஆகியோரின் குரல் அதில் தெளிவாகக் கேட்கிறது. இளையோரின் குரல் மிகத் தாமதமாகவே நுழைகிறது. நுழைந்தபோது அது இரண்டு கோரிக்கைகளைச் சேர்த்தே முன்வைத்தது: துயருற்றவருக்கு உதவி வேண்டும், துயரை உண்டாக்கும் சூழலும் மாற வேண்டும். முதற்கோரிக்கையை நிறுவனங்கள் ஓரளவு ஏற்றுக்கொண்டன. இரண்டாவதைச் செவிமடுக்க நெடுங்காலம் தயங்கின. இப்பதிவு அந்தத் தயக்கத்தின் வரலாற்றைப் பற்றியது.

1858-ஆம் ஆண்டின் மனநோயாளிக் காப்பகச் சட்டமும், 1912-ஆம் ஆண்டின் சட்டமும் எவரை, யாருடைய ஆணையின்பேரில், எங்கே அடைத்து வைப்பது என்ற வினாவுக்கே விடை தேடின. 1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, தற்கொலை முயற்சியை ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. உயிர்பிழைத்துச் சிகிச்சைக்கு வரும் இளைஞர் நோயாளியாக மட்டுமன்றிக் குற்றஞ்சாட்டப்பட்டவராகவும் ஆனார். உண்மையை மறைக்கக் குடும்பங்களுக்கு இதுவே போதிய காரணமாயிற்று. 1994-இல் இரத்தினம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவைச் செல்லாது என்றது. 1996-இல் கியான் கௌர் வழக்கில் அரசியல் சாசன அமர்வு அத்தீர்ப்பை மாற்றி, பிரிவை மீண்டும் உயிர்ப்பித்தது.

சுதந்திர இந்தியா 1982-இல் தேசிய மனநலத் திட்டத்தைத் தொடங்கியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் பெல்லாரி மாவட்டத்தில் நடத்திய முயற்சி முன்மாதிரியாகி, 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் உருவாயிற்று. மனநலச் சேவையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுசெல்வது அன்றைய தேவை. மாணவர் என்ற பிரிவினர் பிற்காலத்தில்தான் அத்திட்டத்திற்குள் சேர்க்கப்பட்டனர். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டபோது, அடைத்து வைக்கும் மரபு எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதை நாடு கண்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அம்மரபிலிருந்து விலகிற்று. அதன் 18-ஆம் பிரிவு மனநலச் சிகிச்சையை உரிமையாக்கியது. 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதவேண்டும், அவரைத் தண்டிக்கலாகாது என்றது.

சட்டம் இவ்வாறு மருத்துவத்தின் திசையில் நகர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், கல்வி வளாகங்களில் வேறொரு விவாதம் நடந்தது. தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் பாகுபாட்டுக்கு உள்ளாவதாக எழுந்த புகார்களை ஆராய 2006-இல் சுகதேவ் தோரட் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. வகுப்பிலும் மதிப்பீட்டிலும் விடுதியிலும் பாகுபாடு நிலவுவதை 2007-இல் அதன் அறிக்கை பதிவு செய்தது. மனநலம் அக்குழுவின் தலைப்பு அன்று. ஆயினும் ஒரு மாணவர் தனிமைப்படுத்தப்படும் வழிமுறைகளை அவ்வளவு நுணுக்கமாக விவரித்த அரசு ஆவணங்கள் அரிது.

2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா உயிர்நீத்தார். விடுதியிலிருந்து விலக்கப்பட்ட ஐந்து ஆய்வு மாணவர்களுள் அவர் ஒருவர். நாடெங்கும் போராடிய மாணவர்கள் அம்மரணத்தைத் தனிமனிதப் பலவீனமாக விளக்குவதை மறுத்தனர். உயர்கல்வியில் சாதியப் பாகுபாட்டைத் தடுக்க அவர் பெயரில் ஒரு சட்டம் வேண்டும் என்றனர். 2019-இல் ரோகித்தின் தாயும், அவ்வாண்டு மும்பையில் உயிரிழந்த மருத்துவ மாணவி பாயல் தட்வியின் தாயும் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். பல்கலைக்கழக மானியக்குழுவின் 2012-ஆம் ஆண்டுச் சமத்துவ விதிகளை நடைமுறைப்படுத்துக என்பதே அவர்களுடைய வேண்டுகோள். 2022-இல் மும்பை ஐ.ஐ.டி.யின் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர் பிரிவு தம் மாணவர்களின் மனநலத்தைத் தானே கணக்கெடுத்தது. நிறுவனம் கேட்காத வினாவை மாணவர் தரப்பே கேட்கத் துணிந்தது இங்கே கவனிக்கத்தக்கது.

அரசின் மறுமொழி பெரும்பாலும் ஆலோசனைச் சேவைகளாக வந்தது. 2020 ஜூலையில் கல்வி அமைச்சகத்தின் மனோதர்ப்பண் தொடங்கிற்று. 2022 அக்டோபர் 10 அன்று, 14416 என்ற எண்ணில் இயங்கும் டெலி மானஸ் வந்தது. இவற்றைக் குறைத்து மதிப்பிடலாகாது. நள்ளிரவில் துணையற்றிருப்பவருக்கு அந்த எண் உயிர்காக்கும் துணை. ஆனால் உதவித்தொகை நிலுவையையோ நெறியாளரின் அவமதிப்பையோ எந்த ஆலோசகராலும் தீர்க்க இயலாது. தேசியக் குற்ற ஆவணப் பதிவகம் 2022-இல் 13,044 மாணவர் தற்கொலைகளைப் பதிவு செய்தது. அந்த எண்ணிக்கை துயரின் அளவைக் காட்டுகிறது; அம்மாணவர்கள் எத்தகைய வளாகங்களில் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பதைக் காட்டுவதில்லை.

2025-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய இரு தீர்ப்புகளை அருகருகே வைத்துப் படிக்கவேண்டும். ஜூலை 25 அன்று சுக்தேவ் சாஹா வழக்கில், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்களைக் கொண்ட கல்வி நிறுவனங்கள் தகுதிவாய்ந்த ஆலோசகர் ஒருவரையேனும் நியமிக்கவேண்டும் என்பது உள்ளிட்ட 15 வழிகாட்டு நெறிகள் வகுக்கப்பட்டன. அதற்கு முன்பே, மார்ச் 24 அன்று அமித் குமார் வழக்கில், ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு அமைக்கப்பட்டிருந்தது. அக்குழு ஆராயவேண்டிய காரணங்களாகப் பகடிவதை, சாதிப் பாகுபாடு, பாலியல் துன்புறுத்தல், கல்விச் சுமை, பொருளாதார நெருக்கடி ஆகியவற்றை நீதிமன்றம் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. மாணவர்கள் பல்லாண்டுகளாகச் சேர்த்தே சொல்லிவந்த இரு கோரிக்கைகளும் ஒரே ஆண்டில், இரு வேறு தீர்ப்புகளில், நீதிமன்றத்தின் மொழியைப் பெற்றன. இனி அஞ்சவேண்டியது ஒன்றுண்டு: ஆலோசகர் நியமனம் எண்ணிக் காட்டத்தக்கது, நியாயமான சூழல் அவ்வளவு எளிதில் எண்ணத்தக்கதன்று. எண்ணத்தக்கதை மட்டும் நிறைவேற்றிவிட்டுக் கோப்பை மூடும் பழக்கம் நம் நிர்வாகத்துக்குப் புதிதன்று.

வரலாறு பயில்வோருக்கு இதில் ஒரு கடமையும் இருக்கிறது. சட்டங்களும் தீர்ப்புகளும் ஆவணக் காப்பகத்தில் நிலைத்திருக்கும். மாணவர் மன்றங்களின் மனுக்கள், போராட்டத் துண்டறிக்கைகள், விடுதிச் சுவரொட்டிகள் ஆகியன ஒரு கல்வியாண்டுக்குள் மறைந்துவிடும். இரண்டாம் கோரிக்கை முதலில் எழுதப்பட்டது அவற்றில்தான். அவற்றைத் தேதியுடன் சேமியுங்கள், படியெடுத்து வையுங்கள். அவை அழிந்துபோனால், மாணவர்கள் ஆலோசகரை மட்டுமே கேட்டார்கள் என்றுதான் நாளைய வரலாறு எழுதப்படும்.