கிளட்ச் மாஸ்டர் சிலிண்டரும் சென்னைப் பட்டறைகளும்

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் கார் பழுது பார்க்கும் தொழில் வளர்ந்த விதம் மவுண்ட் ரோட்டின் வரலாற்றோடு பின்னியது. 1840இல் தொடங்கப்பட்டுக் குதிரை வண்டிகள் கட்டிவந்த சிம்ப்சன் நிறுவனம் காலப்போக்கில் மோட்டார் வாகனங்களுக்கு மாறியது. அடிசன் போன்ற நிறுவனங்களும் அதே சாலையில் அயல்நாட்டுக் கார்களை விற்றுப் பராமரித்தன. மாம்பலம் ஏரி இருந்த இடத்தில் 1920களில் தியாகராய நகர் எழுந்து, மயிலாப்பூர் வழக்கறிஞர் வீடுகளின் முகப்பில் கார் நிற்கத் தொடங்கியபோது, அந்தக் கார்களின் உதிரிப்பாகங்கள் பெரும்பாலும் கப்பலில் வந்து சேர வேண்டியவையாக இருந்தன.

சுங்கவரி ஆணையத்தின் 1953ஆம் ஆண்டுப் பரிந்துரையை ஏற்று, உற்பத்தித் திட்டம் வைத்திராத நிறுவனங்கள் கார்களைப் பூட்டி விற்பதை அரசு நிறுத்தியது. உற்பத்திக்கு அனுமதி பெற்ற சில நிறுவனங்களுள் வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை நடத்திய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸும் ஒன்று. 1961இல் அது வெளியிட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு, திரவ அழுத்தத்தால் இயங்கும் கிளட்சைச் சென்னைத் தெருப் பட்டறைகளுக்கு நன்கு பழக்கிய கார்களுள் ஒன்று எனலாம்.

இயந்திரத்தின் சுழற்சியைக் கியர் பெட்டியிலிருந்து சற்றுநேரம் பிரித்துவைப்பது கிளட்ச். அதன் பெடலை மிதிக்கும்போது, மாஸ்டர் சிலிண்டர் எனப்படும் சிறு உருளைக்குள் பிஸ்டன் நகர்ந்து திரவத்தைக் குழாய் வழியே தள்ள, மறுமுனையிலுள்ள ஸ்லேவ் சிலிண்டர் அந்த அழுத்தத்தை வாங்கிக் கிளட்ச் கவையை நகர்த்துகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வாஷர் தேய்ந்தால் அழுத்தம் பின்னால் கசிந்துவிடும். பெடல் அடிவரை போனாலும் கிளட்ச் முழுதாகப் பிரியாமல் கியர் கரகரவென்று உரசும். ஹெரால்டின் பானட் முன்சக்கர மூடிகளோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்குமாதலால், மெக்கானிக் டயர்மீதே உட்கார்ந்து, பிரேக்குக்கும் கிளட்சுக்குமான இரு சிலிண்டர்களையும் எளிதில் கழற்ற முடிந்தது. பழுதுபார்ப்பவருக்கு இவ்வளவு இடங்கொடுத்த கார் பின்னர் அரிதாகவே வந்தது.

1962இல் டி.வி.எஸ். குழுமம் பிரிட்டனின் லூகாஸ் கிர்லிங்குடன் கூட்டுச் சேர்ந்து பாடியில் பிரேக்ஸ் இந்தியாவை நிறுவியபின், இவ்வகைப் பாகங்கள் இதே நகரில் உருவாயின. ஆயினும் சிலிண்டரை முழுதாக மாற்றாமல் ‘கிட்’ எனப்படும் ரப்பர்த் தொகுப்பை மட்டும் மாற்றுவதே வழக்கமாக நின்றதற்கு, சிக்கன மனத்தைவிட, பழுது பெரும்பாலும் ரப்பரில்தான் இருந்தது என்பதே சரியான காரணம். கழற்றிய சிலிண்டரின் உட்சுவரை விரலால் தடவிப் பார்த்து, கீறலோ துருப்பள்ளமோ இல்லையெனில் புதிய வாஷரைப் பிரேக் ஆயிலில் நனைத்து, அதன் விளிம்பு திரும்பிக்கொள்ளாமல் உள்ளே செலுத்துவார்கள். பள்ளம் விழுந்திருந்தால் லேத் பட்டறையில் கடைந்து பித்தளை ஸ்லீவ் போடுவதும் உண்டு. இறுதியில் ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளைத் தளர்த்தி இறுக்கி ‘ஏர் எடுப்பார்’. குழாயில் காற்று தங்கினால் மிதி பஞ்சுபோல் அமுங்கிவிடும்.

‘பிரேக் ஆயில்’ என்ற பெயரே இங்கு ஓர் ஆபத்து. அது கிளைக்கால் அடிப்படையிலான திரவமேயன்றி எண்ணெயன்று. எஞ்சின் ஆயிலைத் தவறி ஊற்றினால் ரப்பர் ஊதிக் கெட்டு, இரு சிலிண்டர்களையும் பிரிக்க நேரும். அத்திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. டாட் 4 வகையின் குறைந்தபட்சக் கொதிநிலை, புதிதாக இருக்கையில் 230 டிகிரி செல்சியஸ்; ஈரம் ஏறியபின் 155. பிரேக்கில் இச்சரிவே பெருங்கவலை என்றால், அதிகச் சூடேறாத கிளட்சில் ஈரம் செய்யும் கேடு துருதான். கடற்கரையை ஒட்டிய அடையாறு, மயிலாப்பூர்ப் பகுதிகளில் ஈராண்டுக்கொருமுறை திரவத்தை மாற்றுவது வீண் செலவாகாது.

1983 இறுதியில் வந்த மாருதி 800இன் கிளட்ச் கேபிளில் இயங்கியதால், அது பெருகப் பெருக இக்கைத்திறனுக்குத் தேவை சுருங்கியது. பின்னாளைய கார்கள் பலவற்றில் திரவக் கிளட்ச் திரும்பி வந்தபோது, மாஸ்டர் சிலிண்டர் பிளாஸ்டிக் உடலோடு, பிரித்துச் செப்பனிட வழியின்றி, முழுதாகவே மாற்றும் பாகமாகிவிட்டது. சிலவற்றில் ஸ்லேவ் சிலிண்டர் கியர் பெட்டி உறைக்குள்ளேயே அமைவதால், அதன் கசிவை நிறுத்தக் கியர் பெட்டியையே இறக்க வேண்டும். புதிய பாகத்துக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளும் பழைய பாகத்துக்குக் கூவத்தை அடுத்த புதுப்பேட்டையும் இருக்க, ஹெரால்டு வைத்திருப்போர் மட்டும் துருப்பிடித்த பழைய வார்ப்பையும் எறியாமல் வைத்திருக்கிறார்கள். ஸ்லீவ் போட அந்த வார்ப்பு வேண்டும்.