போர்ட்டோ நகரின் மது வாணிகம்

ஒரு நகரின் வாணிகத்தை வளர்ப்பது வணிகரின் ஊக்கமா, அரசின் ஆணையா? இவ்வினாவிற்கு விடை காண்பதற்குப் போர்ச்சுக்கல் நாட்டுப் போர்ட்டோ நகரின் வரலாறு பெரிதும் துணைபுரியும்.

இங்கிலாந்தும் போர்ச்சுக்கலும் 1703-இல் மெத்துவென் உடன்படிக்கையைச் செய்துகொண்டன. அதன்படி, பிரெஞ்சு மதுவுக்குரிய சுங்கத்தினும் மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே போர்ச்சுக்கல் மதுவுக்கு இங்கிலாந்தில் விதிக்கப்பட்டது. டோரோ ஆற்றங்கரை மலைச்சரிவுகளில் விளைந்த திராட்சையின் மது, படகேறிப் போர்ட்டோவை அடைந்து, ஆங்குநின்றும் கடல் கடந்தது. வாணிகம் பெருகிற்று, உடன் கலப்படமும் பெருகிற்று. எல்டர்பெர்ரிச் சாற்றினால் நிறமேற்றிய மதுவும் சந்தைக்கு வந்தது. நற்பெயர் கெட்டது, விலை வீழ்ந்தது, உழவர் நலிந்தனர்.

பின்னாளில் பொம்பால் பிரபு எனப் பெயர்பெற்ற அமைச்சர் கார்வால்யோ, 1756 செப்டம்பர் 10-இல் அரசாணையால் ஒரு மது நிறுவனத்தைத் தோற்றுவித்தார். ஏற்றுமதிக்குரிய மது விளையும் நிலம் எதுவென வரையறுக்கப்பட்டது. எல்லையில் 300-க்கும் மேற்பட்ட கருங்கல் தூண்கள் நடப்பட்டன. தரம் பிரித்து விலை வரம்பு குறிக்கப்பட்டது. எல்டர்பெர்ரிச் செடிகளைக் களைந்தெறியவும் ஆணை பிறந்தது.

ஆயின், நகரத்து மதுக்கடைகளுக்குச் சரக்கு வழங்கும் தனியுரிமையும் அந்நிறுவனத்திற்கே அளிக்கப்பட்டது. சிறுகடைக்காரரின் பிழைப்பில் மண் விழுந்தது. 1757 பிப்ரவரி 23, சாம்பல் புதனன்று, மக்கள் கிளர்ந்தெழுந்து நிறுவனத்தை ஒழிக்குமாறு முழங்கினர். அரசோ அதனை இராசத்துரோகம் எனக் கொண்டது. படை புகுந்தது, பலர் தூக்கிலிடப்பட்டனர்.

திட்டம் பயன் தந்தது என்பதில் ஐயமில்லை. கலப்படத்தால் இழந்த மதிப்பைப் போர்ட் மது மீண்டும் பெற்றது; நகரின் பெயரே அதன் பெயராய் உலகெங்கும் நிலைத்தது. டோரோப் பள்ளத்தாக்கினை 2001-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அன்று நட்ட தூண்களுள் பல இன்றும் நிற்கின்றன.

எனினும், கலப்படத்தைத் தடுக்க எல்லைத் தூண்கள் தேவைப்பட்டன; தரப்பிரிவு தேவைப்பட்டது. கடைக்காரரின் வாயிலை அடைக்கும் தனியுரிமை அதற்குத் தேவைப்பட்டதா? ஒரே அரசாணையில் அறமும் அநீதியும் அடுத்தடுத்த விதிகளாய் அமர்ந்துவிடக்கூடும். வாணிகம் வளர்ந்த கணக்கை எழுதுவோர், அதற்கு விலை கொடுத்தவர் யாவர் என்பதனையும் சேர்த்து எழுதுதலே நேரிய வரலாறாகும்.