திருச்சுழியிலிருந்து ஒரு நடை, கனடாவில் ஒரு ஓட்டம்

எங்க அருப்புக்கோட்டைப் பக்கம் மலை ஏறுறதுன்னா சதுரகிரிதான். பெரியப்பாவுக்குத் தொண்டையில கேன்சர்னு தெரிஞ்ச வருஷம், பெரியம்மா ஆடி அமாவாசைக்கு வத்திராயிருப்பு போய், தாணிப்பாறையில இருந்து நடந்தே ஏறிட்டு வந்தாங்க. வேண்டுதல். நமக்குத் தெரிஞ்ச மலை நடை அதுதான்.

பக்கத்துல திருச்சுழியில பிறந்த வேங்கடராமனும் ஒரு மலையைத் தேடிப் போனவர்தான். 16 வயசுல, கையில 3 ரூபாயோட மதுரையில ரயில் ஏறி, டிக்கெட்டுக்குக் காசு தீர்ந்ததும் மாம்பழப்பட்டுல இறங்கி நடந்தார். 1896 செப்டம்பர் 1-ல் திருவண்ணாமலை சேர்ந்தார். பின்னாளில் ரமண மகரிஷி.

1949-ல் அவர் இடது கையில வந்த கட்டி சார்கோமா, அதாவது புற்றுநோய். நாலு தடவை ஆபரேஷன், ரேடியம் வைத்தியம் எல்லாம் ஆச்சு. கட்டி திரும்பத் திரும்ப வந்தது. 1950 ஏப்ரல் 14-ல் காலமானார். அன்னைக்கு டாக்டர்கள்கிட்ட கத்தியும் கதிர்வீச்சும் விட்டா பெரிசா வேற ஒண்ணும் இல்ல.

இப்ப கனடாவுக்கு வாங்க. 1977-ல் டெர்ரி ஃபாக்ஸ்ங்கிற 18 வயசுப் பையனுக்கு எலும்புல சார்கோமா. வலது காலை முழங்காலுக்கு மேல எடுத்துட்டாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா பிழைக்க 15 சதவீத வாய்ப்பு, இப்ப 50 சதவீதம்னு சொன்னாங்களாம். நடுவுல மாறினது மருந்து ஆராய்ச்சிதான். பையன் அதைப் பிடிச்சுக்கிட்டான்.

1980 ஏப்ரல் 12-ல் செயற்கைக் காலோட நாட்டைக் குறுக்கே ஓட ஆரம்பிச்சான். தினமும் சுமார் 42 கி.மீ. ஆராய்ச்சிக்கு ஆளுக்கு ஒரு டாலர் கேட்டான். 143 நாள், 5,373 கி.மீ. ராக்கி மலையைத் தொடுறதுக்கு முன்னாடியே நுரையீரல்ல நோய் பரவி நின்னுபோச்சு. நின்ன தேதியும் செப்டம்பர் 1! அடுத்த வருஷம் ஜூன்ல இறந்துட்டான். அவன் எட்டாத அந்த மலைத்தொடர்ல ஒரு சிகரத்துக்கு 1981-ல் அவன் பேரையே வச்சாங்க. அவன் பேரால நடக்கிற ஓட்டங்கள் இதுவரை 80 கோடி டாலருக்கு மேல திரட்டியிருக்கு.

நம்ம ஊர்லயும் இந்த மனசு உண்டு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, ஊரெல்லாம் நிதி கேட்டு 1954-ல் அடையாறுல 12 படுக்கையோட மருத்துவமனை தொடங்கினாங்க.

பெரியப்பா அடுத்த தை பாக்கல. பெரியம்மா ஏறினது வீண்னு நான் சொல்லமாட்டேன். அவங்க தன் ஒருத்தருக்காக ஏறினாங்க, அந்தப் பையன் இனிமே வரப்போற நோயாளிக்காக ஓடினான், அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்த ஆடி அமாவாசைக்கு நானும் சதுரகிரி ஏறலாம்னு இருக்கேன். உண்டியல்ல போடுற அளவு காசை ஆராய்ச்சிக்கும் எடுத்து வச்சிட்டுத்தான்.