தீர்ப்பின் சுமை

நீதிமன்றத்தைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி திரைப்படங்கள் தந்தது. நீதிபதி சுத்தியலால் மேசையைத் தட்டி 'ஆர்டர், ஆர்டர்' என்கிறார், கூட்டம் அடங்குகிறது. நம் நீதிமன்ற முறைக்குத் தாயகமான இங்கிலாந்தில், நீதிபதிகள் சுத்தியல் தட்டும் வழக்கமே இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். சுத்தியலைப் பற்றிய பிழையால் எவருக்கும் தீங்கில்லை. ஆனால் தீர்ப்பை யார் கூறுகிறார், அதற்கு யார் பொறுப்பேற்கிறார் என்பவற்றைப் பற்றிய பிழைகள் அத்தகையன அல்ல. அவை நம் மனச்சான்றையும் தொடுகின்றன. அவற்றுள் சிலவற்றை வரலாற்றின் வெளிச்சத்தில் எண்ணிப் பார்ப்போம்.

முதலில் ஜூரி என்பது என்ன என்று தெளிவாகிவிடுவது நல்லது. பொதுமக்களிடையிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்டு, ஆணையிட்டு அமர்ந்து, வழக்கில் நடந்தது என்ன என்று கூறுவோரே ஜூரர்கள். சட்டம் இன்னது என்று அவர்களுக்கு எடுத்துரைப்பவர் நீதிபதி. சாட்சியத்தை எடைபோட்டு 'குற்றவாளி' அல்லது 'குற்றவாளி அல்ல' என்று சொல்வது ஜூரி. 'ஜூரி ஆயுள் தண்டனை விதித்தது' என்று சிலர் எழுதுவதுண்டு. ஆங்கிலேய முறையிலும், அதைத் தழுவிய நம் நாட்டு முறையிலும் தண்டனை விதிப்பது நீதிபதியின் வேலை. ஜூரியின் வேலை அன்று.

1215: இரண்டு நிகழ்ச்சிகள்

ஜூரி முறை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், 1215-ஆம் ஆண்டில் ஜான் மன்னன் முத்திரையிட்ட மாக்னா கார்ட்டாவிலிருந்து வந்தது என்பதே வழக்கமான விடை. 'தமக்கு ஒப்பானவர்களின் தீர்ப்பு' என்று அச்சாசனம் பேசுவது உண்மை. ஆனால் அது பிரபுக்கள் தமக்கென்று கேட்ட பாதுகாப்பு. குற்றவழக்கில் பன்னிருவர் அமர்ந்து தீர்ப்புச் சொல்லும் முறையை அது ஏற்படுத்தவில்லை. அந்த முறைக்கு வழிதிறந்தது அதே ஆண்டின் இறுதியில் உரோமையில் நடந்த மற்றொரு நிகழ்ச்சியாகும்.

அக்காலத்தில் சாட்சி கிடைக்காத கொடிய குற்றங்களில் தீர்ப்பைக் கடவுளிடம் விட்டுவிடுவது ஐரோப்பாவின் வழக்கம். குற்றம் சாட்டப்பட்டவர் பழுக்கக் காய்ச்சிய இரும்பை ஏந்திச் சில அடிகள் நடக்க வேண்டும். கையைக் கட்டி மூன்றாம் நாள் அவிழ்த்துப் பார்ப்பார்கள். புண் சீழ் பிடித்திருந்தால் அவர் குற்றவாளி. அல்லது அவரைக் கட்டி நீரில் இறக்குவார்கள். நீர் ஏற்றுக்கொண்டு அவர் மூழ்கினால் மாசற்றவர், மிதந்தால் குற்றவாளி. இரும்பையும் நீரையும் மந்திரித்துக் கொடுத்தவர்கள் குருக்களே. இத்தகைய சோதனைகள் நமக்கும் புதியவை அல்ல. சுசீந்திரம் கோயிலில் கொதிக்கும் நெய்யில் கையை விடச் செய்யும் 'கைமுக்கு' பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நடந்து வந்தது.

இந்த வழக்கத்தைத் திருச்சபைக்குள்ளேயே எதிர்த்தவர்கள் இருந்தார்கள். அவர்களுள் ஒருவர் பாரிஸ் நகரின் இறையியல் ஆசிரியர் பீட்டர். அவர் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். திருப்பயணம் சென்ற இருவரில் ஒருவர் மட்டும் ஊர் திரும்பினார். உடன்சென்றவரைக் கொன்றுவிட்டார் என்று அவர்மேல் பழி விழுந்தது. நீர்ச்சோதனையில் தோற்றார், தூக்கிலிடப்பட்டார். பிறகு, இறந்துபோனதாக எண்ணப்பட்ட அந்தத் தோழர் உயிரோடு வீடு வந்து சேர்ந்தார்.

திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் கூட்டிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், 1215 நவம்பரில், இச்சோதனைகளுக்குக் குருக்கள் ஆசீர் அளிக்கலாகாது என்று விதித்தது. ஆசீர் இல்லையேல் சோதனைக்குப் பொருளில்லை. 1219-இல் இங்கிலாந்தின் சிறுவயது மன்னன் மூன்றாம் ஹென்றியின் அரசு, ஊர் ஊராகச் சென்ற நீதிபதிகளுக்கு ஓர் ஓலை அனுப்பியது. உரோமைத் திருச்சபை தடுத்துவிட்டதால் இனிச் சோதனை இல்லை. எஞ்சியதை உங்கள் விவேகத்தின்படி செய்யுங்கள் என்பது அதன் சாரம். அவர்கள் தட்டுத்தடுமாறிக் கண்ட வழிதான் அக்கம்பக்கத்தார் பன்னிருவரைக் கேட்பது. ஒரு சட்டமன்றம் கூடித் தீட்டிய திட்டம் அன்று அது. கடவுள்மேல் சுமத்தியிருந்த சுமையை இறக்கிவைத்தபோது, அதை யாராவது ஒரு மனிதன் தூக்க வேண்டியிருந்தது.

இன்னொரு பிழையையும் இங்கே சொல்லிவிடலாம். வழக்கைப் பற்றி எதுவும் அறியாதவரே ஜூரராக இருக்கத் தக்கவர் என்பது இன்றைய விதி. தொடக்கத்தில் நிலைமை நேர்மாறானது. ஊரை அறிந்தவர்கள், நடந்ததைக் கேள்விப்பட்டவர்கள் என்பதற்காகவே அவர்கள் அழைக்கப்பட்டார்கள். அவர்களே சாட்சிகள், அவர்களே தீர்ப்பாளர்கள். அறியாமை ஒரு தகுதியானது நூற்றாண்டுகள் கடந்த பின்னரே.

பசித்திருந்த பன்னிருவர்

ஜூரி எந்நாளும் சுதந்திரமாகத் தீர்ப்புச் சொல்லி வந்தது என்பதும் சரியன்று. 1670-இல் இலண்டன் மாநகரின் தெருவொன்றில் பிரசங்கம் செய்ததற்காக வில்லியம் பென், வில்லியம் மீட் என்னும் குவேக்கர் சபையார் இருவர் விசாரிக்கப்பட்டார்கள். சட்டவிரோதமாகக் கூட்டம் கூட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. பென் தெருவில் பேசினார் என்று மட்டும் சொன்ன ஜூரர்கள், அதைக் குற்றம் என்று சொல்ல மறுத்தார்கள். 'எங்களுக்கு ஏற்ற தீர்ப்புத் தரும்வரை உங்களை விடமாட்டோம்' என்ற நிலையில் நீதிமன்றம் அவர்களை உணவும் நீரும் நெருப்பும் இன்றி அடைத்து வைத்தது. இரண்டு இரவுகள் கழிந்தன. அவர்கள் அசையவில்லை. இறுதியில் 'குற்றவாளிகள் அல்லர்' என்றே கூறினார்கள். அதற்காக அபராதம் விதிக்கப்பட்டார்கள். எட்வர்டு புஷெல் என்பவரும் வேறு சிலரும் அபராதம் செலுத்த மறுத்துச் சிறை சென்றார்கள்.

புஷெலின் முறையீட்டை ஏற்ற தலைமை நீதிபதி வாகன், தீர்ப்புக்காக ஜூரரைத் தண்டிக்க இயலாது என்று விதித்தார். ஒரே சாட்சியத்தைக் கேட்ட இரு நேர்மையான மனிதர்கள் இருவேறு முடிவுக்கு வரக்கூடும். ஒருவரின் அறிவைக் கொண்டு மற்றவர் ஆணையிட முடியாது என்பது அவர் காட்டிய காரணம். இந்த உரிமை எவரும் வழங்கிய கொடை அன்று. பசித்திருந்த சாதாரண மனிதர்கள் ஈட்டிய சொத்து அது.

நம் மண்ணில் ஜூரி

இந்தியாவில் ஒரு காலத்தில் எல்லா வழக்குகளையும் ஜூரிகள் விசாரித்தன என்று எண்ணுவோர் உண்டு. அதுவும் பிழையே. 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, எந்த மாவட்டத்தில் எந்தக் குற்றங்களுக்கு ஜூரி என்று தீர்மானிப்பது அரசின் விருப்பம். மற்ற இடங்களில் செஷன்ஸ் நீதிபதிக்கு உதவியாக 'அசெஸர்கள்' அமர்ந்தார்கள். அவர்கள் கருத்துச் சொல்லலாம். நீதிபதி அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. இனவேற்றுமையும் இருந்தது. ஐரோப்பியர் குற்றம் சாட்டப்பட்டால், தம் இனத்தார் இடம்பெற்ற ஜூரியைக் கோரும் உரிமை அவர்களுக்கு இருந்தது. 1883-இல் இல்பர்ட் மசோதா எழுப்பிய கொந்தளிப்பு இதன் பொருட்டே ஓர் உடன்பாட்டில் முடிந்தது.

ஜூரி சொன்னால் சொன்னதுதான் என்பதும் இங்கே உண்மையாக இருந்ததில்லை. உயர் நீதிமன்ற செஷன்ஸில் ஒன்பது ஜூரர்கள். அவர்களுள் அறுவராவது ஒருமித்து, நீதிபதியும் இசைந்தால் தீர்ப்பு நிலைக்கும். மாவட்ட செஷன்ஸில் நீதிபதி ஜூரியோடு முற்றும் மாறுபட்டால் வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். இவ்வாறு இருவரும் ஒருவரையொருவர் தடுத்து நிறுத்தும் அமைப்பு அது.

தமிழ் மக்கள் நெஞ்சில் நிலைத்த ஜூரி வழக்கு ஒன்று உண்டு. 1944 நவம்பரில் 'இந்து நேசன்' ஆசிரியர் இலட்சுமிகாந்தன் சென்னையில் கைரிக்‌ஷாவில் செல்கையில் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். திரையுலகப் பிரமுகர்களைப் பற்றி அவதூறு எழுதியவர் என்று பெயர் பெற்றவர் அவர். அவ்வழக்கில் எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி மாக்கெட் முன்னிலையில் ஜூரியுடன் விசாரணை நடந்தது. 1945 மே மாதத்தில் இருவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களோடு கூண்டில் நின்ற இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார்.

மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தில் தோற்றது. இலண்டன் பிரிவி கவுன்சில் அம்மேல்முறையீட்டை மீண்டும் கேட்கும்படி உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை பெற்றார்கள். அதற்குள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்துவிட்டன. பாகவதர் சிறையிலிருந்தபோதும் அவர் நடித்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே கொட்டகையில் ஓடிக்கொண்டே இருந்தது; மூன்று தீபாவளிகளைக் கண்டது. விடுதலைக்குப் பின் வந்த அவர் படங்களுக்கு அந்த வரவேற்பு இல்லை.

இவ்வழக்கைப் பற்றி இரு தரப்பிலும் பிழையான பேச்சு உண்டு. 'ஜூரி மடத்தனமாகத் தண்டித்தது' என்பர் சிலர். அந்தத் தீர்ப்பை அனுபவம் மிக்க நீதிபதிகளும் முதல் மேல்முறையீட்டில் நிலைநிறுத்தினார்கள் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். 'விடுதலையானாலும் உள்ளே ஏதோ இருந்திருக்கும்' என்பர் வேறு சிலர். சட்டம் விடுவித்த ஒருவரை நாவினால் மீண்டும் கூண்டில் ஏற்றும் வேலை அது. குற்றம் மெய்ப்பிக்கப்படாதவரை எவரும் குற்றமற்றவரே. விடுதலை என்பது நீதிமன்றம் போடும் பிச்சை அன்று.

ஜூரியைக் கொன்றது நானாவதி வழக்கா?

பாகவதர் மறைந்த அதே 1959-இல் பம்பாயில் மற்றொரு ஜூரி நாடெங்கும் பேசப்பட்டது. கடற்படை அதிகாரி நானாவதி, தம் மனைவியோடு தொடர்பு கொண்டிருந்த பிரேம் அகுஜாவை ஏப்ரல் 27-ஆம் நாள் சுட்டுக் கொன்றார். 'பிளிட்ஸ்' வார இதழ் அவருக்காகப் பேரியக்கமே நடத்தியது. ஒன்பது ஜூரர்களுள் எண்மர் 'குற்றவாளி அல்ல' என்றார்கள். செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 1960-இல் உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 1961 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1964-இல் அவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது.

பத்திரிகையில் மயங்கிய ஜூரியால் அம்முறையே ஒழிந்தது என்று இன்றும் எழுதுகிறார்கள். இதில் இரண்டு பிழைகள் உள்ளன. முதலாவது, சட்டத்தை ஜூரிக்கு விளக்கியபோது நீதிபதியே தவறிழைத்தார் என்று மேல்நீதிமன்றங்கள் கண்டன. கைத்துப்பாக்கி தற்செயலாக வெடித்தது என்னும் வாதத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு எவருடையது, திடீர்ச் சினம் என்பதற்குச் சட்டம் கொள்ளும் பொருள் என்ன என்பன போன்றவை ஜூரர்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை. வழிகாட்டி பிழைத்தபோது நடந்தவரை மட்டும் பழிப்பது முறையாகாது. இரண்டாவது, ஜூரியை நீக்கிவிடலாம் என்று சட்ட ஆணையம் தன் பதினான்காம் அறிக்கையில் பரிந்துரைத்தது 1958-இல். அகுஜா சுடப்படுவதற்கு முன்னரே எழுந்த பரிந்துரை அது. நானாவதி வழக்கோடு ஜூரி மறைந்துவிடவும் இல்லை. மேற்கு வங்காளத்தில் பின்னும் ஆண்டுக்கணக்கில் நடந்தது. 1974 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த 1973-ஆம் ஆண்டுச் சட்டமே குற்றவழக்குகளில் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அதற்கு இடமில்லை.

நம்மிடம் எஞ்சுவது

ஜூரி மீண்டும் வர வேண்டும் என்று வாதிடுவது நம் நோக்கமன்று. சாதியும் செல்வமும் அச்சமும் மிகுந்த ஊர்களில் அது எப்படி நடந்திருக்கும் என்ற கேள்விக்கு எளிய விடை இல்லை. நாம் கண்ட பிழைகளுக்கெல்லாம் பொதுவான ஒன்று உண்டு என்பதையே கூற விரும்புகிறோம். தீர்ப்பின் சுமையை எப்படியாவது வேறொருவர் தலையில் ஏற்றிவிடும் ஆவல்தான் அது. இடைக்கால மக்கள் அதைக் கடவுள்மேல் ஏற்றினார்கள். கடவுளைச் சோதியாதீர்கள் என்று திருச்சபை அதை இறக்கியது. பிறகு நீதிபதி ஜூரியைக் காட்டினார். மக்கள் நீதிபதியைக் காட்டினார்கள். எல்லாரும் பத்திரிகையைக் காட்டினார்கள்.

இன்று நம் நாட்டில் நம்மை எவரும் ஜூரராக அழைப்பதில்லை. ஆனால் தேநீர்க் கடையிலும் கோயில் முற்றத்திலும் வீட்டுத் திண்ணையிலும் நாள்தோறும் நாம் தீர்ப்புச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். அங்கே ஆணையிடுவோர் இல்லை, எதிர்த்தரப்பைக் கேட்போர் இல்லை, மேல்முறையீடும் இல்லை. புஷெலும் அவர் தோழர்களும் இரண்டு இரவுகள் பசித்திருந்தார்கள். சான்று இல்லாத இடத்தில் 'குற்றவாளி' என்ற சொல்லைச் சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. அடுத்த முறை அயலாரைப் பற்றி அச்சொல் நம் நாவின் நுனிக்கு வரும்போது அவர்களை நினைத்துக்கொள்வோம்.