சுருட்டும் சுங்கமும்

கடல் கடந்து வரும் பொருளைத் துறையிலே நிறுத்திப் பார்ப்பது தமிழர்க்குப் புதிய வழக்கமன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் ஏற்றுவனவும் இறக்குவனவுமாகிய பண்டங்களின் மீது புலிப்பொறி இட்டுச் சுங்கம் கொண்ட காவலரைப் பட்டினப்பாலை நமக்குக் காட்டுகிறது. முதற் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்னும் பெயர் நிலைத்ததையும் நாம் அறிவோம். வரி கொண்ட மன்னர் பலர்; கொள்ளாது விட்டதற்காகப் பெயர் பெற்றவன் அவன். ஆயினும் ஈண்டு நாம் சொல்லப் புகுவது மரக்கலம் நிறையச் சரக்கு ஏற்றி வரும் வணிகனின் சுங்கம் பற்றியன்று. வணிகன் அல்லாத பயணி ஒருவன் ஊர் திரும்புகையில் தன் பெட்டியின் மூலையில் வைத்துக் கொண்டுவரும் சில சுருட்டுகளைப் பற்றியது. பொருள் சிறிது, அதன் வரலாறோ அத்துணைச் சிறிதன்று.

சுருட்டு என்னும் சொல் நம்முடையது. சுருட்டப்பட்டது சுருட்டு, இதற்கு இலக்கணம் வேண்டியதில்லை. நம் கரையில் இச்சொல்லைக் கேட்ட போர்த்துகீசியர் 'ஷருட்டு' என வழங்கினர்; இன்றும் அவர்கள் மொழியில் சுருட்டுக்கு அதுவே பெயர். ஆங்கிலேயர் அதனைச் 'செரூட்' ஆக்கினர். 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையில், கொலை நடந்த அறையிற் கிடந்த சாம்பலைக் கண்டே அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பல் என்று துப்பறிவாளர் துணிகிறார். இலண்டன் மாநகரில் உறையூர்ப் பக்கத்துச் சுருட்டு அத்துணைப் பழக்கமாயிருந்த காலம் அது. புகையிலை மேற்கேயிருந்து நம்மிடம் வந்தது. அதன் சுருளுக்கு நாம் இட்ட பெயர் மேற்கே போயிற்று. சொல்லுக்கு மட்டும் எத்துறையிலும் எவரும் சுங்கம் கேட்டிலர்.

இலையின் பிறப்பிடமோ அமெரிக்கக் கண்டம். 1492 நவம்பரில், கியூபாத் தீவின் உட்பகுதியைப் பார்த்து வரக் கொலம்பஸ் அனுப்பிய ரோத்ரிகோ தே ஹெரெஸ், லூயிஸ் தே தொரெஸ் என்னும் இருவர், இலைச் சுருளின் ஒரு முனையில் தீ இட்டு மறுமுனையில் புகை இழுக்கும் மக்களைக் கண்டனர். ஹெரெஸ் அப்பழக்கத்தோடே தன் ஊர் திரும்பினான் என்றும், வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் புகை வருவது கண்டு அஞ்சிய அயலார் அவன்மீது குற்றம் சாட்ட, சமய விசாரணை மன்றம் அவனைச் சிறையிலிட்டது என்றும் ஒரு வழக்கு உண்டு. அது மெய்யாயின், வெளிநாட்டுச் சுருட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து அல்லற்பட்ட முதற் பயணி அவனே எனலாம்.

பின் வந்த அரசுகள் சிறையினும் வரியே நன்று என்று கண்டுகொண்டன. இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1604இல் புகையிலையைப் பழித்து நூல் எழுதினார். அதே ஆண்டில், இறாத்தல் ஒன்றுக்கு 2 பென்ஸாக இருந்த சுங்கத்தின் மேல் இன்னும் 6 ஷில்லிங் 8 பென்ஸ் ஏற்றினார். அதாவது, பழைய வரியின் மேல் அதைப்போல் நாற்பது மடங்கு. ஸ்பெயின் வேறு வழி பிடித்தது. 1717இல் கியூபாவின் புகையிலை முழுவதையும் அரசே வாங்கும் என்று ஆணையிட்டது. உழுதவன் தன் விளைச்சலுக்குத் தானே விலை சொல்ல இயலாதாயிற்று. உழவர் 1717, 1720, 1723 ஆகிய ஆண்டுகளில் கிளர்ந்தெழுந்தனர். இறுதிக் கிளர்ச்சியில் பிடிபட்டோர் ஹவானாவின் புறத்தே தூக்கிலிடப்பட்டனர். அத்தனியுரிமை நீங்க 1817 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சுங்க விகிதம் மனிதரை நாடு விட்டு நாடு பெயர்க்கும் என்பதற்குக் கியூபாச் சுருட்டைவிடத் தெளிவான சான்று நாம் கண்டதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க ஐக்கிய நாடு, சுருட்டிய சுருட்டுக்கு மிகுதியாகவும் சுருட்டாத இலைக்குக் குறைவாகவும் சுங்கம் விதித்தது. உற்பத்தியாளர் கணக்குப் பார்த்தனர்: இலையைக் கப்பலேற்றி, சுருட்டும் கைகளையும் உடன் ஏற்றிவிட்டால் போதும். கியூபாவில் நிகழ்ந்த விடுதலைப் போர்களின் துன்பமும் இதனோடு சேர, தொழிலாளர் ஆயிரக்கணக்கில் கடல் தாண்டிப் புளோரிடாவின் கீ வெஸ்டுக்கும், 1886 முதல் டாம்பா நகருக்கும் குடிபெயர்ந்தனர்.

அவர்களோடு ஓர் அரிய வழக்கமும் பெயர்ந்தது. 1865 முதல் ஹவானாத் தொழிற்கூடங்களில், சுருட்டுவோர் குனிந்து வேலை செய்ய, மேடையில் ஒருவர் அமர்ந்து உரக்கப் படிப்பார்: காலையில் செய்தித்தாள், பின்பு நாவல். அவருக்குக் கூலி தந்தவர் முதலாளி அல்லர். தொழிலாளரே தம் ஊதியத்தில் ஒரு பங்கு ஒதுக்கினர். 1935இல் தோன்றிய 'மாண்டிகிறிஸ்டோ' சுருட்டுக்கு, அவ்வாறு படிக்கக் கேட்டு அவர்கள் விரும்பிய துயூமாவின் நாவலே பெயர் தந்தது என்பர். எழுத்தறியாதவரும் இலக்கியம் அறிந்திருந்த கூடங்கள் அவை. அரசியலும் அறிந்திருந்தனர், அதனாலேயே டாம்பா முதலாளிகள் 1931இல் அவ்வாசிப்பை நிறுத்தினர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கவிஞரும் விடுதலைத் தலைவருமான ஹோசே மார்த்தி 1891 முதல் இத்தொழிலாளரிடையே பேசிப் பொருள் திரட்டினார். 1895 ஜனவரி 29இல் போர் தொடங்கும் ஆணையில் நியூயார்க்கில் ஒப்பமிடப்பட்டது. அத்தாளை ஹவானாவுக்குள் கொண்டு செல்வது எங்ஙனம்? ஸ்பானியக் காவலர் பயணியின் பெட்டியைச் சோதிப்பர், சட்டையைச் சோதிப்பர், கடிதத்தைப் பிரிப்பர். டாம்பாவில் அந்தத் தாள் ஒரு சுருட்டின் உள்ளே வைத்துச் சுருட்டப்பட்டது என்றும், அதனை ஒத்த வேறு சுருட்டுகளோடு அது பயணி ஒருவரின் கையில் சோதனை கடந்து ஹவானாவில் ஹுவான் குவால்பெர்த்தோ கோமெஸ் என்பாரைச் சேர்ந்தது என்றும் அந்நகரத்தார் சொல்லி வருகின்றனர். பிப்ரவரி 24இல் போர் மூண்டது. பயணியிடம் உள்ள நான்கைந்து சுருட்டுகளை எந்த அதிகாரியும் பொருட்படுத்தமாட்டான் என்னும் துணிவே இக்கதையின் உயிர். பேரரசு ஒன்று தன் சுங்கச் சலுகையினாலேயே ஒரு தீவை இழக்கத் தொடங்கியது என்று கூறினால் அது மிகையே. எனினும் அவ்வாறு கூற நமக்கு ஆசையாகத்தான் இருக்கிறது.

அந்தப் 'பொருட்படுத்தாமை'தான் பிற்காலத்தில் விதியாக எழுதப்பட்டது. சொந்தப் பயனுக்கு உரியது எவ்வளவு, விற்பனைக்கு உரியது எவ்வளவு என எல்லை கிழிக்க வேண்டியதாயிற்று. நம் நாட்டின் சுங்கச் சட்டம் 1962இல் இயற்றப்பட்டது. பயணி தன் பொதியில் உள்ளதை அறிவிக்க வேண்டும் என்பதும், மெய்யாகவே அவன் பயனுக்கு உரியதற்கு விலக்கு உண்டு என்பதும் அதில் அடங்கும். 1998ஆம் ஆண்டு விதிகளின்படி 200 சிகரெட்டு, அல்லது 50 சுருட்டு, அல்லது 250 கிராம் புகையிலை வரியின்றிக் கொணரலாம். 2014இல் இவை பாதியாக்கப்பட்டன. 100 சிகரெட்டு, 25 சுருட்டு, 125 கிராம் என்பதையே 2016ஆம் ஆண்டு விதிகளும் கொண்டன.

இக்கணக்கைச் சற்றே வகுத்துப் பார்த்தோம். 125 கிராமை 25ஆல் வகுத்தால் சுருட்டு ஒன்றுக்கு 5 கிராம். ஹவானாவின் பருத்த சுருட்டு அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் நிறை உடையது. விதி வகுத்தோர் மனத்தில் இருந்தது நம் ஊர் மெல்லிய சுருட்டே போலும்! ஐரோப்பியர் 2007இல் வகுத்த விதி இன்னும் நுட்பமானது: 3 கிராமுக்கு மேற்படாத சிறு சுருட்டை வேறாகப் பிரித்து அதற்கு 100 என்றும், பெருஞ்சுருட்டுக்கு 50 என்றும் எல்லை வைத்தது. எவ்வகையானும் 'அல்லது' என்ற சொல்லைக் கவனியாது மூன்றையும் கொண்டுவந்து, சுங்க மேடையில் விழித்து நின்றவரை நாம் நேரிற் கண்டிருக்கிறோம்.

நம் சட்டம் பிறந்த அதே 1962இல்தான் கியூபாச் சுருட்டுக்கு அமெரிக்கா கதவடைத்தது. பிப்ரவரி 3இல் அதிபர் கென்னடி அறிவித்த வணிகத் தடை நான்கு நாளில் நடைமுறைக்கு வந்தது. அவ்வறிக்கையில் ஒப்பமிடுவதற்கு முதல் நாள் மாலை, தமக்கு 1,000 ஹவானாச் சுருட்டு வேண்டும் என்று அதிபர் கேட்டதாகவும், விடிவதற்குள் 1,200 திரட்டிக் கொடுத்த பின்னரே அவர் பேனாவை எடுத்ததாகவும் அவருடைய செய்தித்துறைச் செயலர் பியேர் சாலிஞ்சர் பின்னாளில் எழுதினார். சட்டம் செய்வோர்க்கு ஓர் இரவுக் கால அவகாசம் கிடைத்தது, மற்றையோர்க்குக் கிடைக்கவில்லை.

தடை, வணிகனோடு நிற்கவில்லை. பயணியின் சட்டைப் பைக்குள்ளும் புகுந்தது. உரிமம் பெற்றுச் சென்றுவந்தோர் 100 டாலர் அளவு கியூபாப் பொருள் கொண்டுவரலாம் என்றிருந்த சலுகையும் 2004இல் பறிபோயிற்று. அமெரிக்கக் குடிமகன் வேற்று நாட்டு விடுதியில் அமர்ந்து கியூபாச் சுருட்டு வாங்கிப் புகைப்பதும் குற்றம் என்று அவ்வாண்டு அரசு விளக்கம் தந்தது. சுருட்டைச் சுற்றியுள்ள தாள் வளையத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெயரறியாச் சுருட்டாக அதனைக் கொண்டு வந்தவர் பலர். கியூபாவோ தன் பக்கத்தில் இதற்கு நேர் எதிரான கவலையில் இருந்தது. போலிச் சரக்கைத் தடுக்க 1912ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒவ்வொரு பெட்டிக்கும் பச்சை நிற அரசு முத்திரை இட்டது. புகாரின் புலிப்பொறியை நினைவூட்டும் அம்முத்திரை, தன் துறையில் பொருளுக்கு மதிப்பாகவும் எதிர்த்துறையில் குற்றத்திற்குச் சான்றாகவும் நின்றது.

2014 டிசம்பரில் அதிபர் ஒபாமா உறவைப் புதுப்பிப்பதாக அறிவித்தார். அடுத்த மாதம் 100 டாலர் வரை மதுவும் புகையிலையும் கொண்டுவர இசைவு வந்தது. 2016 அக்டோபரில் அவ்வெல்லையும் நீங்கி, கியூபாச் சுருட்டு மற்ற நாட்டுச் சுருட்டைப் போலவே பயணியின் பொதுவான வரிவிலக்குக்குள் அடங்கியது: 800 டாலருக்கு உட்பட்டு 100 சுருட்டு. ஐம்பத்து நான்கு ஆண்டுக்குப் பின், வளையம் கழற்றாத சுருட்டோடு மயாமி விமான நிலையத்தில் மக்கள் வந்திறங்கினர். அந்நிலை நான்காண்டுகூட நிறையவில்லை. 2020 செப்டம்பரில் அதிபர் டிரம்ப்பின் அரசு கியூபா மதுவையும் புகையிலையையும் பயணப்பொதியில் கொணர்வதை மீண்டும் தடுத்தது. ஹவானாவில் வாங்கியதை ஹவானாவிலேயே புகைத்து முடிக்க மட்டும் அவ்விதி இடம் வைத்தது; மிஞ்சியதை விடுதிப் பணியாளரிடம் கொடுத்துவிட்டுத்தான் பயணி விமானம் ஏற வேண்டியவனானான்.